பள்ளத்தில் கிடந்த தோடு

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. லிஃப்ட் மெக்கானிக் ஆனதால் இப்படியா, இப்படி இருந்ததால்தான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேனா என்று தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். தம்ளரில் தண்ணீர் அலையடிக்கும். "லிஃப்ட் கிளம்பிடுச்சு, எல்லாரும் பிடிச்சுக்குங்க" என்பாள் என் மனைவி.

என்பாள் என்று சொல்கிறேனே தவிர, ஒரு வருஷமாக அவள் அப்படியெல்லாம் சொல்வதில்லை. காரணம் என் அக்கா.

அவர்கள் இருவரும் அதற்கு முன்னால் நகமும் சதையுமாக இருந்தவர்கள். நான் நடுவில் வாய் திறந்தால் இருவரும் சேர்ந்துகொண்டு என்னை வாரிவிடுவார்கள். போன வருஷம் அக்கா வீட்டு விருந்தில் அவளுடைய வெள்ளைக் கல் தோடு ஒன்று காணாமல் போனது. காது புண்ணாக இருக்கிறதென்று இரண்டையும் கழற்றிப் படுக்கையறை மேசைமேல் வைத்தாளாம். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்ததாம். இடையில் அந்த அறைக்குள் போனவள் என் மனைவி ஒருத்திதான், தலை வாருவதற்காக. அக்கா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து, அத்தானும் அத்தானுடைய தங்கைகளும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசைமேல் தலைகீழாகக் கொட்டிவிட்டாள். சீப்பு, சில்லறை, தலைவலித் தைலம், பாதி தின்று மடித்துவைத்த சாக்லெட் எல்லாம் தட்டுகளுக்கு நடுவே உருண்டன. தோடு இல்லை.

"பையில இல்லன்னா எடுக்கலன்னு ஆயிடுமா?" என்றாள் அக்கா.

நான் அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது என் மனைவி ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒரு கை கொடுக்கவில்லை. அன்றோடு அவள் அந்த வாசலை மிதிப்பதை விட்டாள். அந்தக் கைப்பையையும் தொடுவதை விட்டாள். அது எங்கள் அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தத் தோடு கிடைக்க வேண்டும். என் மனைவி எடுக்கவில்லை என்பது அக்காவின் வாயாலேயே வர வேண்டும். அதுவரை எனக்கு இரண்டு வீட்டிலும் சோறு இறங்காது.

இந்தச் சமயத்தில்தான் டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் வாங்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, கீழே லென்ஸ், லென்ஸைச் சுற்றிச் சின்ன விளக்குகள், பக்கவாட்டில் ஒரு திருகு. தொழிலுக்காகத்தான் வாங்கினேன். லிஃப்டின் ரிலேக்களில், அதாவது மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சுகளில், இருக்கும் முனைகள் தீப்பொறி பட்டுப் பட்டுக் குழி விழும். வெறும் கண்ணுக்குப் புத்தம் புதிதாகத் தெரியும், லிஃப்ட் மட்டும் நடுவழியில் நிற்கும். அந்தக் குழியைப் பார்க்கத்தான் இது. ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதன் அடியில் வைக்காத பொருள் இல்லை. உப்பு, சர்க்கரை, செத்த எறும்பு, என் கட்டைவிரல், அவளுடைய மோதிரம். மோதிரத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "இவ்ளோ கீறலா? நம்ம கல்யாணத்தையே பார்த்த மாதிரி இருக்கு" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அடித்த கிண்டல் அது.

அதைவிட எனக்குப் பிடித்தது பள்ளத்துச் சாமான்கள். லிஃப்ட் ஓடும் குழாய்க்கு அடியில், கடைசித் தளத்துக்கும் கீழே ஒரு பள்ளம் இருக்கும். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக விழுவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மாதா மாதம் இறங்கிச் சுத்தம் செய்வேன். சாவி, ஹேர்பின், பொத்தான், ஒற்றைக் கொலுசு, ஒரு முறை ஒரு பால் பல். சொந்தக்காரர் கிடைத்தால் கொடுத்துவிடுவேன். மற்றதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டைதான்: பிரேக்கிலிருந்து உதிர்கிற கறுப்புத் தூள், கம்பி வடத்தின் எண்ணெய், ஊர்ப்பட்ட தலைமுடி, மூன்றும் சேர்ந்து பிசினாக அப்பிக்கொண்டிருக்கும். பெட்ரோலில் ஊறப்போட்டாலும் இடுக்குகளை விட்டுப் போகாது.

அக்கா குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் என் பொறுப்புதான். அங்கே போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவளே போன் செய்தாள்.

"நாளைக்குத்தானே வர்ற? பள்ளத்துல நல்லாப் பாருடா. யாரோ சாவியத் தொலைச்சுட்டாங்களாம்."

"யாரு?"

"யாரோ. நீ பாரேன்."

லிஃப்டுக்குப் பள்ளம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அதுவரை தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் காலையில் இறங்கி டார்ச்சை அடித்தேன். சாவி எதுவும் இல்லை. லிஃப்டைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், யாரோ எடுத்து வைத்தது மாதிரி, அக்காவின் வெள்ளைக் கல் தோடு மின்னிக்கொண்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்டை அணைத்துவைத்திருப்பதை மறந்து பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு நான்கு மாடியும் படியிலேயே ஏறி அக்காவின் கையில் தோட்டை வைத்தேன்.

"பாத்தியா, நான் அப்பவே நினைச்சேன்" என்றாள். என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. "புடவையில கிடவையில மாட்டிக்கிட்டு வந்து, லிஃப்டுல இறங்குறப்ப விழுந்திருக்கும். பாவம், யார் மேலயும் தப்பில்ல. இத நீயே எடுத்துட்டுப் போய் அவகிட்டக் காட்டு. கையோட சாப்பிடக் கூட்டிட்டு வா."

உச்சி குளிர்ந்து வீட்டுக்குப் போனேன். என் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"யார் மேலயும் தப்பில்லன்னாங்க. சாப்பிட வரச் சொன்னாங்க."

"யார் மேலயும் தப்பில்லையா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி பெட்டியைக் கையில் எடுத்தாள். "நான் வரல. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

இதற்கு மேல் என்ன வேண்டும் இவளுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் எதையாவது நோண்டுவேன். உள் அறைக்குப் போய் மைக்ரோஸ்கோப்பைப் போட்டுத் தோட்டை அடியில் வைத்தேன்.

திருகைத் திருப்பியதும் கல் ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. பளிச்சென்று இருந்தது. அடுத்த கல்லும் பளிச். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் இடுக்கில் வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது. கறுப்புத் தூள் இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு முடி இல்லை. டின்னிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாக்கடையிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. ஒரு வருஷம் பள்ளத்தில் கிடந்த தோடு இப்படிக் குளித்து முழுகி வந்து நிற்காது. மாதா மாதம் இறங்கிய என் கண்ணில் படாமலும் இருந்திருக்காது, சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. இது விழுந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. யாரோ போட்டிருக்கிறார்கள்.

தோட்டைத் திருப்பினேன். பின்பக்கத் திருகாணியின் மரையில் ஒரு நூல் சிக்கியிருந்தது. அரக்கு நிறம், பட்டுத் துணியின் பளபளப்பு. அந்த நிறத்தை எனக்குத் தெரியும். அலமாரிக்கு மேலே கிடக்கும் கைப்பையின் உள்துணி அந்த நிறம்.

எட்டிப் பையை எடுத்தேன். போர்வை சரிந்து விழுந்தது, அதைக்கூட எடுத்துப் போடவில்லை. பையைத் திறந்து உள்துணியிலிருந்து ஒரு நூலை இடுக்கியால் உருவி, தோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே நிறம், அதே முறுக்கு. ஒன்றை ஒன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மனசு இருக்கிறதே, அது லிஃப்டைவிட வேகமாக இறங்கும். இவள் எடுத்திருந்தால்? ஒரு வருஷம் பையின் உள்ளே ஒளித்து வைத்திருந்து, இப்போது பயம் வந்து வெளியே விட்டிருந்தால்? இவள்தான் அந்தக் கட்டடத்துப் பக்கமே போவதில்லையே என்று ஒரு பக்கம் கேட்டது. என் டூல் பை தினமும் வீட்டில்தானே கிடக்கிறது, அதற்குள் போட்டுவிட்டால் நான் பள்ளத்தில் ஸ்பேனரை எடுக்கும்போது தானாக விழாதா என்று இன்னொரு பக்கம் பதில் சொன்னது. ஊரே சொன்னாலும் நம்ப மாட்டேன் என்று ஒரு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நூல் போதுமானதாக இருந்தது.

"என் பை எதுக்கு இங்க?"

வாசலில் நின்றாள். மடித்த சட்டைகள் கையில் இருந்தன. நான் பையை மூடினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவள் திரையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க அக்காவாவது என் கண்ணு முன்னாடி கொட்டினாங்க" என்றாள். "நீங்க என் முதுகுக்குப் பின்னாடி கொட்டிட்டீங்க."

"இல்லம்மா, சும்மா பாத்தேன்..."

"சும்மாவா? சரி, சொல்லுங்க. அது எப்படி அந்தப் பள்ளத்துக்குப் போச்சாம்? நான் பறந்து போய்ப் போட்டேனா?"

என் பாழாய்ப்போன கண் மூலையில் கிடந்த டூல் பையின் பக்கம் போனது. அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஓ, அதுலயா" என்றாள். "நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, "நகருங்க" என்று என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அதைப் 'பூதக்கண்ணாடி' என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தவள், திருகை என்னைவிட மெதுவாகத் திருப்பினாள்.

"இந்த வெள்ளை என்ன?"

"தெரியல. தூசியா இருக்கும்."

"தூசி இப்படிக் காஞ்சு வெடிச்சிருக்காது. இது டூத் பேஸ்ட். நகை வெளுக்கணும்னா எல்லாரும் இதத்தான் போட்டுத் தேய்ப்பாங்க. நடுவுல பாருங்க, நீலமா பொட்டுப் பொட்டா."

பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத நீல மணிகள் வெள்ளைக்குள் புதைந்திருந்தன. அவள் எழுந்து போய் எங்கள் டூத் பேஸ்ட்டைக் கொண்டுவந்து ஒரு கண்ணாடித் துண்டில் தடவி வைத்தாள். வெள்ளை மட்டும்தான் இருந்தது.

"நீல மணி போட்ட பேஸ்ட் யார் வீட்ல இருக்கு? அங்க தங்கினப்போ அதுல பல்லு தேச்சுட்டு நாக்கு எரியுது, நாக்கு எரியுதுன்னு குதிச்சது யாரு?"

குதித்தது நான்தான். அது அக்கா வீட்டுக் குளியலறை.

"அந்த நூல்?" என்றேன்.

"பையை அண்ணியும் நானும் ஒரே கடையில ஆளுக்கொண்ணு வாங்கினோம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, மாத்தி எடுத்துட்டுப் போயிடறோம்னு, நீங்கதானே அண்ணி பை கைப்பிடில பச்சை டேப் சுத்திக் கொடுத்தீங்க?"

அது ஞாபகத்துக்கு வந்ததும் எனக்கு அந்தப் பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கிளம்புங்க, அண்ணி வீட்டுக்குப் போகலாம். நான் கீழதான் நிப்பேன். மேல வரமாட்டேன். அண்ணிகிட்ட நீங்களே கேளுங்க."

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, மைக்ரோஸ்கோப் அதற்குள் ஆடாமல் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தேன். பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்கு இறங்கி நடக்கலாம் போல இருந்தது.

அக்கா கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அவ எங்க?"

"சொல்றேன். முதல்ல இதைப் பாரு."

அதே சாப்பாட்டு மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முதலில் ஹேர்பின்னைக் காட்டினேன். "இது உங்க பள்ளத்துல கொஞ்ச நாள் கிடந்தது." பிறகு தோட்டை வைத்தேன். "இது நீ சொன்ன மாதிரி ஒரு வருஷம் கிடந்தது."

திரையில் வெள்ளையும் நீலமும் தெரிந்தன.

"அழுக்கோட போட மனசு வரலடா" என்றாள் அக்கா, நிமிராமலே.

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. "எங்க கிடைச்சுது?"

"என் பையிலயே. உள்துணி கிழிஞ்சிருக்கு. அதுக்குள்ள போய் உக்காந்திருக்கு. நான்தான் அன்னிக்குக் கழட்டினப்போ ஒண்ணைப் பையில போட்டிருக்கேன். போன வாரம் கையை விட்டப்போ திருகாணி குத்துச்சு." கண்ணாடியைக் கழற்றினாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போவேன், சொல்லு. வாரம் பூரா யோசிச்சேன்."

"அதுக்கு லிஃப்ட் மேல பழியப் போடுவியா?"

"லிஃப்டுக்கு மூஞ்சி இல்லல்ல" என்றாள். "தோடும் லேசுல உள்ள போகல. முதல் தடவ போட்டப்போ இடுக்குல விழாம வெளியவே நின்னுடுச்சு. எதிர் வீட்டுக்காரர் எடுத்து, இந்தாங்கம்மா பத்திரம்னு கையில கொடுத்துட்டார்."

"அவதான் கண்டுபிடிச்சா, அக்கா. நான் இல்ல. நான்..." நான் என்ன செய்தேன் என்பதை அங்கேயே விழுங்கினேன். "கீழ நிக்கிறா. மேல வரமாட்டாளாம்."

அக்கா எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடியில் நான் சுற்றிய பச்சை டேப் நைந்து தொங்கியது.

"கீழ போறதுக்குப் பை எதுக்கு?" என்றேன். அவள் லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

நான் வெளியே நின்று எண்களைப் பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று, கீழே. கதவு திறக்கிற சத்தம் குழாய் வழியாக மேலே வந்தது. மூடுகிற சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் அடிக்க ஆரம்பித்தது. கதவை மூடவிடாமல் எதுவோ தடுத்தால் அடிக்கிற பஸ்ஸர் அது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். தொடர்ந்து அடித்தது. சண்டையா, யாராவது விழுந்துவிட்டார்களா என்று ஒன்றும் தெரியவில்லை. டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் ஓடினேன்.

கீழே லிஃப்டின் வாசலிலேயே அக்கா தன் பையைக் கொட்டியிருந்தாள். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு பேர் காய்கறிப் பையோடு ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டைகள், சாவிக்கொத்து, மடித்த கைக்குட்டைகள், ஒரு குட்டிக் குடை எல்லாம் தரையில் கிடந்தன. ஒரு தைல டப்பா உருண்டு போய்க் கதவின் தண்டவாளத்தில் மாட்டியிருந்தது. கதவு வந்து அதில் முட்டுவதும் திரும்புவதுமாக இருந்தது. அக்கா பையின் உள்துணியை வெளியே இழுத்து, கிழிசலுக்குள் விரலை விட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருந்துச்சு. என் பையிலதான் இருந்துச்சு" என்றாள், வாட்ச்மேனுக்கும் கேட்கிற மாதிரி. "நான்தான் இவளத் திருடின்னு சொன்னேன். தப்பு என் மேல. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அவர் தங்கச்சிங்ககிட்டயும் இன்னிக்கே இதையே சொல்றேன்."

என் மனைவி மண்டியிட்டு உட்கார்ந்து தண்டவாளத்திலிருந்து தைல டப்பாவை எடுத்தாள். பஸ்ஸர் நின்றது. டப்பாவின் மூடியை இறுக்கி அக்காவின் பைக்குள் வைத்தாள். பிறகு குடை. பிறகு கைக்குட்டைகள். மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதையா இன்னும் சாப்பிடறீங்க அண்ணி? டாக்டர் இத நிறுத்தச் சொன்னாருல்ல?"

"ஞாபகப்படுத்த யார் இருந்தா?" என்றாள் அக்கா. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.

என் மனைவி கடைசிச் சாவியையும் வைத்துப் பையை மூடி அக்காவின் தோளில் மாட்டிவிட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்தது. பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, தரையில் கவிழ்த்தேன். ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், டெஸ்டர், கிரீஸ் டப்பா, பச்சை டேப், பழைய ரிலே முனைகள், ஒரு கைப்பிடி வாஷர் எல்லாம் கணகணவென்று சிதறின. ஒரு வாஷர் வாட்ச்மேனின் மேசைக்கு அடியில் போய்ச் சுற்றிச் சுற்றி விழுந்தது.

"சார், வழியில..." என்றார் வாட்ச்மேன்.

"இதுலதான் நீ போட்டிருப்பன்னு நினைச்சேன்" என்றேன், எல்லாரும் கேட்கத்தான். "நான் நினைச்சது தப்பு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்பேனரை எடுக்கக் குனிந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அதை அவரே எடுத்து வெக்கட்டும்."

இருவரும் லிஃப்டுக்குள் போனார்கள். கதவு ஒரு தடையும் இல்லாமல் மூடியது. நான் தரையில் உட்கார்ந்து முதல் ஸ்பேனரை எடுத்தேன்.